அச்சேறிய அரச இரகசியம்: கூர்ட் ஐஸ்னரின் வாழ்வு

பத்திரிகை நடத்தியவர் ஆட்சிப் பீடம் ஏறுவது உலக வரலாற்றில் அரிதன்று. ஏறிய பின்னரும், எழுதுகோல் ஏந்திய காலத்தில் அரசினரிடம் எவற்றைக் கேட்டாரோ அவற்றைத் தம் கையாலேயே செய்து முடிக்க முற்பட்டவர் மிகச் சிலரே. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 1918 நவம்பர் முதல் 1919 பிப்ரவரி வரை, நூறு நாள்களுக்குச் சற்று மிகுதியாக முதலமைச்சராய் விளங்கிய கூர்ட் ஐஸ்னர் அத்தகையோருள் ஒருவர். அரசுகள் பூட்டி வைக்கும் இரகசியங்களே போர்களை விளைவிக்கின்றன என்று அவர் உறுதியாக நம்பினார். அதிகாரம் கைக்கு வந்ததும் அவர் தேடியெடுத்தது அந்தப் பூட்டின் சாவியைத்தான். அதன் விளைவுகளை அவர் அனுபவித்த வரலாறே இக்கட்டுரை.

1867ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பெர்லின் மாநகரில் ஒரு யூத வணிகக் குடும்பத்தில் ஐஸ்னர் பிறந்தார். தந்தையார் படை அலுவலர்க்குரிய சீருடைப் பொருள்களை விற்பனை செய்தவர். படையின் பொலிவால் பிழைத்த குடும்பத்திலிருந்து படைச்செருக்கின் பகைவர் ஒருவர் தோன்றினார் என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் ஜெர்மானிய இலக்கியமும் பயின்றார்; முனைவர் பட்ட ஆய்வை முடிக்காமலேயே பத்திரிகைத் தொழிலுக்கு வந்துவிட்டார். 1892இல் தத்துவ அறிஞர் நீட்சேயின் கொள்கைகளை மறுத்து ஒரு நூல் எழுதினார். வலியவனே வாழத் தக்கவன் என்ற எண்ணம் அந்நாளைய இளைஞர்களை மயக்கியிருந்த வேளையில், இருபத்தைந்து வயது இளைஞர் அதனை எதிர்த்து எழுதியது சிறிய செயலன்று.

அடுத்த ஆண்டு மார்பர்க் என்னும் பல்கலைக்கழக நகரில் ஒரு நாளிதழில் அரசியல் ஆசிரியரானார். அங்கு ஹெர்மன் கோஹன் என்ற பேராசிரியர் இம்மானுவேல் காண்ட்டின் அறவியலுக்குப் புத்துரை வழங்கிவந்தார். எந்த மனிதனையும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது. ஒவ்வொருவனும் தன்னளவில் ஒரு நோக்கமாகவே மதிக்கப்பட வேண்டும் என்பது அவ்வறவியலின் சாரம். இதிலிருந்துதான் ஐஸ்னரின் சமதர்மம் பிறந்தது. பொருளியல் விதிகள் தாமே இயங்கிப் புதிய சமுதாயத்தைக் கொண்டுவரும் என்று அவருடைய தோழர்கள் பலர் காத்திருந்தனர். மக்களின் மனச்சான்றை எழுப்பாமல் எந்த விதியும் இயங்காது என்று அவர் எண்ணினார். இந்த வேற்றுமை பின்னாளில் அவரைப் பலமுறை தனிமைப்படுத்திற்று.

1897இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை எள்ளி எழுதிய ஒரு கட்டுரைக்காக அரச நிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டது. ஒன்பது மாதச் சிறைத் தண்டனையை பெர்லினிலுள்ள புளோட்சன்சே சிறையில் கழித்தார். அத்தண்டனை அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் முதுபெருந் தலைவர் வில்ஹெல்ம் லீப்க்னெக்ட் அவரை அழைத்துக் கட்சியின் தலைமை நாளிதழில் அமர்த்தினார். முன்னோக்கி என்று பொருள்படும் 'ஃபோர்வேர்ட்ஸ்' அவ்விதழின் பெயர். 1900இல் லீப்க்னெக்ட் மறைந்தபின் இதழை நடத்தும் பொறுப்பு ஐஸ்னரையே பெரிதும் சார்ந்தது. பாட்டாளியும் நல்ல இலக்கியமும் இசையும் நாடகமும் துய்க்க வேண்டும் என்று கருதிய அவர், கட்சித் தீர்மானங்களுக்கிடையே கலைக்கும் இடம் தந்தார். இது கொள்கைப் பிடிப்பற்ற மென்மை என்று கடுங்கோட்பாட்டினர் குறை கூறினர். 1905இல் பூசல் முற்றி, அவரும் அவரை ஒத்த கருத்துடைய ஐவரும் ஆசிரியர் குழுவிலிருந்து வெளியேற நேர்ந்தது.

வேலை இழந்த அந்நாளில் அவர் எழுதிய சிறு நூல் ஒன்று இங்குக் குறிக்கத் தக்கது. மொராக்கோ நாட்டை முன்னிட்டு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே எழுந்த நெருக்கடியை ஆராய்ந்த அந்நூல் 1906இல் வெளிவந்தது. உலகப் போர் என்னும் சொல்லை அதன் தலைப்பிலேயே அவர் இட்டிருந்தார். மக்கள் அறியாமல் அமைச்சர்களும் தூதர்களும் மூடிய அறைக்குள் நடத்தும் பேரங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்று எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் எச்சரித்தார்.

1907இல் பவேரியாவிலுள்ள நியூரம்பர்க் நகரின் கட்சி நாளிதழுக்கு ஆசிரியரானார். மூன்றாண்டுகளுக்குப்பின் அம்மாநிலத் தலைநகராகிய மியூனிக்கில் குடியேறினார். அங்குள்ள கட்சி ஏட்டுக்குச் சட்டப்பேரவை நிகழ்ச்சிகளையும் நாடக விமரிசனங்களையும் எழுதிவந்தார். நீண்ட தாடி, மூக்குக்கண்ணாடி, அகன்ற விளிம்புடைய தொப்பி ஆகியவற்றோடு அரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விமரிசகராகவே நகரத்தார் அவரை அறிந்திருந்தனர்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது ஐஸ்னரும் தவறினார். ரஷியப் பேரரசே முதலில் தாக்க முற்பட்டது என்று அரசு கூறியதை நம்பிப் போர்ச்செலவுக்கான கடனை ஆதரித்தார். ஆயினும் அவரிடம் ஓர் இதழாசிரியனுக்குரிய நல்ல பழக்கம் இருந்தது. அரசாங்கமே அச்சிட்டு வெளியிட்ட ஆவணத் தொகுப்பை எடுத்து, தந்திகளின் நாளையும் நேரத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். இடையிடையே விடுபட்டவை எவை, முன்பின்னாக மாற்றி வைக்கப்பட்டவை எவை என்று குறித்துக்கொண்டே வந்தார். சில மாதங்களுக்குள், தாமும் நாடும் ஏமாற்றப்பட்டதாக முடிவுக்கு வந்தார். முடிவை எழுதத் தணிக்கை இடந்தரவில்லை. கட்சி ஏடும் இடந்தரவில்லை. அரசியல் எழுதும் உரிமையை இழந்த அவருக்கு நாடக விமரிசனம் மட்டுமே எஞ்சியது.

எழுத முடியாததைப் பேசலானார். 1916 டிசம்பர் முதல் 'பொன் நங்கூரம்' என்ற பெயருடைய விடுதியில் வாரந்தோறும் ஒரு சிறு கூட்டம் கூடிற்று. தொழிலாளரும் மாணவரும் போரில் காயமுற்றுத் திரும்பியோரும் வந்தனர். பின்னாளில் புகழ்பெற்ற நாடகாசிரியர் எர்ன்ஸ்ட் டாலரும் எழுத்தாளர் ஆஸ்கர் மரியா கிராஃபும் அங்கு வந்தவர்களே. ஃபெலிக்ஸ் ஃபெஹன்பாக் என்னும் இளைஞர் அங்கிருந்தே ஐஸ்னரின் நிழலாகத் தொடர்ந்தார். 1917இல் போரை எதிர்த்தோர் பிரிந்து சுயேச்சைச் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியபோது, மியூனிக்கில் அதன் தலைவராக ஐஸ்னர் நின்றார். 1918 ஜனவரி இறுதியில் படைக்கலத் தொழிற்சாலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காகச் சிறை புகுந்தார். உடன் கைதான சோன்யா லெர்ஹ் என்னும் அம்மையார் சிறையிலேயே உயிரிழந்தார். ஐஸ்னர் எட்டு மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்து, பேரரசு நாடாளுமன்றத்தின் இடைத்தேர்தலில் வேட்பாளராக நிற்கும்பொருட்டு அக்டோபர் 14ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். அத்தேர்தல் நடைபெறவேயில்லை. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

நவம்பர் 7ஆம் நாள் பிற்பகல், மியூனிக்கின் புகழ்பெற்ற திருவிழாத் திடலில் அமைதி வேண்டிப் பல்லாயிரவர் திரண்டனர். பழைய கட்சியின் தலைவர் எர்ஹார்ட் ஔவர், கூட்டம் தம் பிடியில் இருக்கும் என்றும் ஐஸ்னரால் எதுவும் ஆகாது என்றும் அமைச்சர்களுக்கு உறுதி கூறியிருந்தார். கூட்டத்தின் பெரும்பகுதியை இசைக்குழு முன்செல்ல நகரின் மறுகோடிக்கு அழைத்துச் சென்று, அவரவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஐஸ்னரோ ஃபெஹன்பாக்குடனும், கண்பார்வையற்ற உழவர் தலைவர் லுட்விக் காண்டார்ஃபருடனும் எதிர்த்திசையில் இருந்த படைவீடுகளை நோக்கி நடந்தார். போரில் சலித்த வீரர்கள் ஒவ்வொரு படைவீட்டிலிருந்தும் வெளியே வந்து சேர்ந்துகொண்டனர். இரவுக்குள் நகரம் கைம்மாறியது. சட்டப்பேரவைக் கட்டடத்துக்குள் நுழைந்த ஐஸ்னர், முன்னர் நிருபராக அமர்ந்து குறிப்பெடுத்த அதே அவையில், பவேரியா இனி மன்னரற்ற சுதந்திர நாடு என்று அறிவித்தார். 738 ஆண்டுகள் ஆண்ட விட்டல்ஸ்பாக் மரபின் கடைசி மன்னர் மூன்றாம் லுட்விக், நோயுற்றிருந்த அரசியுடன் அன்றிரவே ஊரைவிட்டு அகன்றார். போர்க்களம் எதுவும் இன்றி ஓர் அரசு மாறியது. பெர்லினில் பேரரசர் முடி துறந்த செய்தி வர இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன.

ஐஸ்னர் முதலமைச்சரும் வெளியுறவு அமைச்சருமானார். தம்மை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம் என்று கருதிய ஔவரையே உள்துறைக்கு அமர்த்தினார். எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. பள்ளிகளின்மீது திருச்சபைக் குருமார்க்கு இருந்த மேற்பார்வை நீங்கியது. இவை நிலைத்த பயன்கள். பெரிய தொழில்களையும் வங்கிகளையும் உடனே அரசுடைமையாக்க அவர் முனையவில்லை. போரால் நொறுங்கிக் கிடக்கும் தொழிலில் பங்கிடுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். அதனால் இடப்புறத்தோர்க்கும் அவர் அன்னியரானார்.

அவருடைய உள்ளம் முழுவதும் வேறொரு பணியில் இருந்தது. அக்காலத்து ஜெர்மானியப் பேரரசு பல முடியரசுகளின் கூட்டாக இருந்தது. ஆதலின் பவேரியாவுக்கென்று பெர்லினில் ஒரு தூதரகம் உண்டு. தூதரக அலுவலர்கள் பெர்லினில் கேட்டறிந்தவற்றை மியூனிக்குக்கு அறிக்கையாக அனுப்புவார்கள். அந்த அறிக்கைகள் வெளியுறவு அமைச்சின் பேழைகளில் உறங்கின. வெளியுறவு அமைச்சர் என்ற முறையில் சாவி இப்போது ஐஸ்னர் கையில். 1914 ஜூலை 18ஆம் நாளிட்ட அறிக்கை ஒன்று அவருக்குக் கிடைத்தது. செர்பியாவின்மீது கடும் நிபந்தனைகள் விதிக்க ஆஸ்திரியா திட்டமிட்டிருந்ததையும், பெர்லின் அதற்கு ஊக்கம் தந்ததையும் அது விவரித்தது. நிபந்தனைகள் வெளியானதும் பேரரசர் வடகடல் உலாவிலும் தலைமைப் படைத்தலைவரும் போர் அமைச்சரும் விடுமுறையிலும் இருப்பதைக் காட்டி, தாங்களும் வியப்புற்றதாகப் பெர்லின் கூறிக்கொள்ளும் என்றும் அதில் கண்டிருந்தது. நான்காண்டுகளாக நாடு கேட்டுவந்த கதைக்கு நேர்மாறான கதை அது.

நவம்பர் 23ஆம் நாள் ஐஸ்னர் அந்த ஆவணங்களின் பகுதிகளை வெளியிட்டார். பழைய அரசின் குற்றத்தைப் புதிய அரசு மனமுவந்து ஒப்புக்கொண்டால், வென்ற நாடுகள் புதிய ஜெர்மனியை நம்பும், சமாதானமும் கடுமை குறைந்து அமையும் என்பது அவர் கணக்கு. இக்கணக்கில் பாதி அரசியல், பாதி அறவியல். குற்றத்தை மறைத்தவன் மீண்டும் குற்றம் செய்வான் என்ற அச்சமும் அவரிடம் இருந்தது. பெர்லின் அமைச்சகம் கொதித்தது. ஐஸ்னரும் அவ்வமைச்சகத்தோடு தொடர்பை முறித்துக்கொண்டார்.

இங்கேதான் அவருடைய பெருமையும் பிழையும் ஒன்றாகக் கிடக்கின்றன. அவர் ஆவணத்தை முழுமையாக அச்சிடவில்லை, சுருக்கி வெளியிட்டார். போர் பரவாமல் ஓரிடத்தோடு நிற்குமாறு பெர்லின் முயலும் என்னும் பகுதி அச்சுருக்கத்தில் இடம்பெறவில்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் நீண்ட அறிக்கையைக் கத்தரிப்பது அன்றாட வேலை. யாரும் அதைப் பொய் என்று கூறார். அரசு ஆவணத்தில் விடப்படும் ஒவ்வொரு வரியும் எதிரிக்குக் கிடைக்கும் படைக்கலம். முப்பதாண்டு இதழாசிரியருக்கு இது தெரியாமற் போயிற்றா, அவசரத்தில் தெரிந்தே புறக்கணித்தாரா என்று அறுதியிடல் இயலாது. அரசின் தொகுப்பில் விடுபட்டவற்றை 1914இல் கண்டுபிடித்தவரே இதனைச் செய்தார் என்பதால் பிழை இன்னும் கனக்கிறது. ஆயினும் முழு அறிக்கையைப் படித்தாலும் அதன் அடிப்படைச் செய்தி மாறிவிடவில்லை. பெர்லின் தூண்டியதும் அறியாதது போல நடிக்க முற்பட்டதும் அதில் இருக்கவே இருக்கின்றன. பகைவர்கள் அதைப் பேசவில்லை. போலி ஆவணம், நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்ற இரண்டு சொற்களையே பேசினார்கள்.

அச்சுரிமையைப் பற்றி அவர் கொண்டிருந்த உறுதிக்கு டிசம்பர் 6ஆம் நாள் இரவு சான்று. கவிஞர் எரிஹ் மியூசாமின் தலைமையில் தீவிரவாதிகளும் படைவீரரும் திரண்டு, ஐஸ்னரை நாள்தோறும் இழித்தெழுதிய ஏடுகளின் அலுவலகங்களைக் கைப்பற்றினர். அவற்றை இனித் தொழிலாளர் உடைமையாக்குவது என்று அறிவித்தனர். அவ்வேடுகள் செய்துவந்த கொடுமை சிறிதன்று. பெர்லினில் பிறந்தவரைக் கலீசியாவிலிருந்து வந்த அன்னியர் என்றும், அவருக்கு வேறொரு யூதப் பெயர் உண்டென்றும் புனைந்து பரப்பியோரும் அக்காலத்தில் இருந்தனர். வேறு எந்த ஆட்சியாளரும் அன்றிரவு உறங்கச் சென்று, காலையில் நடந்தது நடந்துவிட்டது என்று வருந்தியிருக்கக் கூடும். ஐஸ்னர் நள்ளிரவில் தாமே நேரில் சென்று, கூட்டத்தாரிடம் வாதாடி, அவர்களை வெளியேறச் செய்தார். மறுநாள் முதல் அவ்வேடுகள் வழக்கம் போல் அவரைத் தூற்றத் தொடங்கின.

1919 ஜனவரி 12இல் தேர்தல் நடந்தது. பெண்கள் முதன்முறையாக வாக்களித்த அத்தேர்தலில், 180 இடங்களில் ஐஸ்னரின் கட்சிக்கு மூன்றே இடங்கள் கிட்டின. பெற்ற வாக்கு நூற்றுக்கு இரண்டரை. நாட்டுப்புற உழவர்கள் அவரை அறியார். அறிந்த நகரத்தார் பழைய கட்சிக்கே வாக்களித்தனர். புதிய பேரவையைக் கூட்டுவதை அவர் பிப்ரவரி 21 வரை தள்ளிப் போட்டது அவர்மீது சொல்லத் தக்க மற்றொரு குறை. தொழிலாளர், உழவர், படைவீரர் மன்றங்களுக்குப் பேரவையின் பக்கத்தில் நிலையான இடம் தேடிக்கொடுக்க விரும்பினார் என்பது உண்மைதான். மக்கள் தீர்ப்பு வெளிவந்த பின் காலம் கடத்துவது மக்களாட்சியில் நம்பிக்கை கொண்டவர்க்கு அழகாகாது.

அந்த இடைவெளியில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குச் சென்றார். போருக்குப்பின் பல நாட்டுச் சமதர்மர்கள் முதன்முறையாக அங்கே கூடினர். முன்னாள் பகைநாட்டினர் முன்னிலையில், ஜெர்மானிய அரசின் பொறுப்பை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். பிரான்சில் அடைபட்டிருந்த ஜெர்மானியப் போர்க்கைதிகளின் விடுதலைக்காகவும் அங்கு முயன்றார். அழிந்த பிரெஞ்சு ஊர்களை மீண்டும் கட்டித்தர ஜெர்மானியர் தாமாக முன்வர வேண்டும் என்றும் சொன்னார். ஊர் ஏடுகளோ, கைதிகள் அங்கேயே கிடந்து உழைக்கட்டும் என்று அவர் கூறியதாகத் திரித்து எழுதின. மகன் திரும்பி வருவான் என்று காத்திருந்த தாய்மார்களுக்கு அச்செய்தி எப்படி இருந்திருக்கும் என்று கூறவேண்டுவதில்லை. அவர் திறந்துவிட்ட அச்சகங்களிலிருந்தே அந்தப் பொய்யும் அச்சாகி வந்தது.

பிப்ரவரி 21ஆம் நாள் காலை, பேரவையின் முதற் கூட்டத்தில் பதவி விலகும் உரையை எழுதி எடுத்துக்கொண்டு ஐஸ்னர் வெளியுறவு அமைச்சிலிருந்து புறப்பட்டார். பேரவை சில நிமிட நடைத் தொலைவுதான். கொலை மிரட்டல்கள் நாளும் வந்துகொண்டிருந்ததால் வேறு வழியாகச் செல்லலாம் என்று உடனிருந்தோர் வேண்டினர். ஒருவனை ஒருமுறைதான் கொல்ல முடியும் என்ற பொருள்பட ஏதோ கூறிவிட்டு வழக்கமான வீதியிலேயே நடந்தார். அந்தோன் ஆர்க்கோ என்னும் 22 வயதுப் பிரபு குலத்து இளைஞன் பின்னாலிருந்து இருமுறை சுட்டான். ஃபெஹன்பாக்கின் கண்முன்னே ஐஸ்னர் சாய்ந்து உயிர் துறந்தார். விலகல் உரை வாசிக்கப்படாமல் போயிற்று. விலகச் சென்ற மனிதரை விலக்குவதற்காக ஒரு கொலை.

அதன்பின் நடந்தவை கொடியவை. ஒரு மணி நேரத்துக்குள் ஆத்திரமுற்ற தொழிலாளி ஒருவன் பேரவைக்குள் புகுந்து, ஐஸ்னருக்கு இரங்கல் தெரிவித்துக்கொண்டிருந்த ஔவரையே சுட்டுக் கடுங்காயப்படுத்தினான். வேறு இருவர் மாண்டனர். பிப்ரவரி 26ஆம் நாள் இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நடந்தனர். மூன்றே இடங்கள் தந்த மாநிலத்தின் தலைநகரம்தான் இது. ஏப்ரலில் மன்றக் குடியரசு என்ற பெயரில் எழுந்த ஆட்சியை மே மாதத் தொடக்கத்தில் படைகள் நசுக்கின. அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஐஸ்னரின் சவப்பெட்டியருகே இரங்கலுரை ஆற்றிய அறிஞர் குஸ்டாவ் லாண்டவர் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார். குருதியின்றித் தொடங்கிய மாற்றம் ஆறு மாதங்களில் இவ்வாறு முடிந்தது.

கொலைகாரன் ஆர்க்கோவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1924இலேயே அவன் வெளியே வந்தான். அரச ஆவணங்கள் தொடர்பாகத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட ஃபெஹன்பாக்குக்கு 1922இல் பதினோராண்டுத் தண்டனை கிடைத்தது. அத்தீர்ப்பை ஏற்காதோர் பலர் குரல் எழுப்பியதால் 1924 இறுதியில் விடுதலையானார். 1933இல் ஹிட்லரின் ஆட்சி வந்ததும் அவர் கொல்லப்பட்டார். ஐஸ்னரின் சாம்பலைத் தாங்கிய நினைவுச் சின்னத்தையும் அவ்வாட்சியினர் அதே ஆண்டில் இடித்தனர். சாம்பற்கலசம் யூதர் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டு, லாண்டவரின் கலசத்தோடு அங்கே இருக்கிறது.

அவர் விழுந்த வீதிக்குப் பின்னாளில் பேராயர் ஃபவுல்ஹாபரின் பெயர் இடப்பட்டது. 1918இன் புரட்சி பொய்ச்சத்தியமும் துரோகமுமே என்று 1922இல் பேசியவர் அப்பேராயர். அவ்வீதியின் நடைபாதையில், விழுந்து கிடக்கும் ஒரு மனித உருவின் எல்லைக்கோடு பதிக்கப்பெற்ற தகடு ஒன்று 1989இல் அமைக்கப்பட்டது. அலுவலகங்களுக்கு விரைவோர் அதன்மீது கால்வைத்தே கடந்து செல்கின்றனர். பவேரியாவோ, அந்த நவம்பரில் ஐஸ்னர் அறிவித்த 'சுதந்திர நாடு' என்னும் பெயரையே இன்றும் தன் அரசுத் தாள்களில் பொறித்து வருகிறது.